எளிது கடினமாகவும் கடினம் எளிதாகவும் தெரிவது ஏன்?

நீங்கள் கேட்டது இது. மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். எளிது நிலையில் இரண்டு, மூன்று எழுத்துச் சொற்கள், நடுத்தரத்தில் நான்கெழுத்து, கடினத்தில் ஐந்து, ஆறு எழுத்து. மகன் எளிது நிலையிலேயே மாட்டிக்கொண்டு அழுகிறான், நடுத்தரத்தில் சில சமயம் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ கடினத்தைக் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார். மகனை எந்த நிலையில் விளையாட விடுவது, குறிப்பைத் தட்டினால் அது ஏமாற்று வேலையா, கடினத்துக்கு எப்போது மாற்றலாம் என்று மூன்று கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனிடம் எந்தக் குறையும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் சொற்புதிர் நடத்துகிறேன். நீங்கள் சொல்வது போன்ற பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். இரண்டெழுத்துச் சொல்லில் திணறுகிற பிள்ளை 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்றாவது முயற்சியில் போட்டுவிடும். காரணம் பிள்ளையிடம் இல்லை, தமிழ்ச் சொற்களின் அமைப்பில் இருக்கிறது.

இரண்டெழுத்துச் சொல் ஒன்றில் கடைசி எழுத்து 'ல்' என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கல், பல், வில், நெல், சொல், கால், பால், வால், தோல், நூல், வேல். நான் நின்று யோசிக்காமல் எழுதியதே பதினொன்று. இதில் எது விடை என்று சொல்ல உள்ளே வேறு தடயமே கிடையாது. ஆறு முயற்சியும் யோகத்தை நம்பித்தான் போகும். 'மஞ்சள்' என்ற நான்கெழுத்துச் சொல் அப்படியில்லை. இரண்டாவது எழுத்து 'ஞ்' என்று தெரிந்த நொடியே அடுத்தது ச வரிசை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பாதிச் சொல் கைக்கு வந்துவிட்டது. சொல் நீளமானால் தடயங்களும் கூடும். எழுத்து எண்ணிக்கையை வைத்து மட்டும் நிலை பிரிக்கிற விளையாட்டுகளில் 'எளிது' என்ற பெயர் பல நேரம் பொருந்தாமல் போவது இதனால்தான்.

எந்தச் சொல் விளையாட்டிலும் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் நான்கு வழிகள் உண்டு. எழுத்து எண்ணிக்கை ஒன்று. சொல் எவ்வளவு பழக்கமானது என்பது இன்னொன்று. எத்தனை முயற்சி, எவ்வளவு நேரம் என்பது மூன்றாவது. கிடைத்த தடயத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதி நான்காவது. நிலைக்குப் பெயர் வைத்தவர் இவற்றில் எதைத் திருகினார் என்று முதலில் பாருங்கள்.

ஆங்கில விளையாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்து திங்கட்கிழமை எளிதாகத் தொடங்கி சனிக்கிழமை மிகக் கடினமாக முடியும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் பெரியது, ஆனால் கடினம் வார நடுவில் வருவதைப் போலத்தான். அங்கே முக்கியமாகத் திருகப்படுவது குறிப்பு. ஒரே சொல்லுக்குத் திங்களன்று நேரடியாகவும் சனியன்று சுற்றி வளைத்தும் குறிப்பு எழுதலாம். அதே நிறுவனம் 2023இல் கொண்டுவந்த கனெக்‌ஷன்ஸ் விளையாட்டில் பதினாறு சொற்களை நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் உண்டு; மஞ்சள் எளிய கூட்டம், ஊதா கடினமான கூட்டம். அங்கே ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்லாகவே இருக்கலாம், அவற்றுக்கு இடையிலுள்ள உறவு ஒளிந்திருக்கும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் ஊகிக்கும் விளையாட்டு வேர்டில். அதில் உள்ள ஹார்ட் மோட் (கடின முறை) சொல்லைத் தொடுவதே இல்லை. ஏற்கனவே தெரிந்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் கட்டாயம் வைத்தாக வேண்டும் என்ற ஒரே ஒரு விதியைச் சேர்க்கிறது. அந்த ஒரு விதி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பிறகு காட்டுகிறேன்.

வேர்டில் பிறந்த கதையில் உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. ஜோஷ் வார்டில் அதைத் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000 இருந்தன. அத்தனையையும் வைத்தால் யாராலும் விளையாட முடியாது. பலக் ஷா ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, தெரியும், தெரியாது என்று பிரித்துக் கொடுத்தார். பட்டியல் ஏறக்குறைய 2,500 சொற்களாகச் சுருங்கியது. 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வெளியான விளையாட்டு 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் கைக்குப் போனது. அது எளிதா கடினமா என்பதை முடிவு செய்தது கணக்கு அல்ல, ஒரு மனிதருக்குத் தெரிந்த சொற்கள் எவை என்பதுதான். உங்கள் வீட்டுக்கு வேண்டியதும் இதே வேலைதான்.

உங்கள் மாமியார் ஏன் கடினத்தை அவ்வளவு வேகமாக முடிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் செய்யப்படுகிற விளையாட்டுகளின் சொற்பட்டியலில் களத்துமேடு, வாய்க்கால், கலப்பை, வரப்பு, பரண் எல்லாம் வரும். அவருக்கு அவை சிறுவயதில் காலால் மிதித்த, கையால் தொட்ட பொருள்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பரண் என்றால் என்ன என்று நாம்தான் சொல்ல வேண்டும். 'ஏர்' இரண்டே எழுத்து; விளையாட்டு அதை எளிது என்று வைத்திருக்கும். உங்கள் மகனுக்கு அது ஆறெழுத்துச் சொல்லை விடக் கடினம். மறுபுறம், உணவங்காடி, ஈரச்சந்தை, மின்தூக்கி, விரைவுச்சாலை என்று அவன் பள்ளியிலும் அறிவிப்புப் பலகையிலும் தினமும் பார்க்கிற சொற்கள் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது.

போன வருடம் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு சொற்போட்டி நடத்தினேன். பெரியவர்கள் அணிக்கு ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தது ஒரு தொடக்கநிலை 3 சிறுமி. மி, ன், தூ, க், கி. நான்கு பெரியவர்கள், ஆறு முயற்சியும் தீர்ந்தது, வரவில்லை. லிஃப்ட் என்றே சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அந்தச் சிறுமி எழுந்து நின்று விடையைச் சொன்னபோது அவள் முகத்தில் பார்த்த பெருமிதத்தை நான் மறக்கவே மாட்டேன். தமிழில் தாத்தாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று அவள் அன்றுதான் அறிந்தாள்.

அதனால் உங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் கைப்பேசியை வைத்துவிட்டுக் காகிதத்தில் விளையாடச் சொல்லுங்கள். பேரன் பாட்டிக்குப் புதிர் வைக்கட்டும், பாட்டி பேரனுக்கு வைக்கட்டும். ஒரே நிபந்தனை, புதிர் வைப்பவர் அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் நிலை தானாகவே அமைந்துவிடும். பாட்டி இரண்டு முறை 'குதிர்' (நெல் கொட்டி வைக்கும் கலம்) போட்டுப் பேரன் விழித்தால், மூன்றாவது முறை அவரே 'குதிரை' போடுவார்.

சரி, கைப்பேசி விளையாட்டுக்கு வருவோம். தமிழில் எழுத்து 247. ஆங்கிலத்தில் 26 எழுத்தைச் சலித்தால் போதும், நமக்கு அப்படி முடியாது. நல்ல தமிழ் விளையாட்டுகள் இதற்காகப் பச்சை (எழுத்தும் இடமும் சரி), மஞ்சள் (எழுத்து உண்டு, இடம் வேறு) தவிர இன்னொரு நிறமும் வைத்திருக்கும். விடையில் 'கூ' இருந்து நீங்கள் 'க' போட்டால், மெய் சரி, உயிர் வேறு என்று அந்த மூன்றாவது நிறம் சொல்லும். உங்கள் மகன் விளையாடுவதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு விளையாட்டைத் தேடுவது நல்லது. அந்த உதவி இல்லாமல் பத்து வயதுப் பிள்ளை தமிழில் ஊகித்து விளையாடுவது மிகவும் சிரமம்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். 'கோழி' என்று தட்டுங்கள். இரண்டு கட்டம்தான் நிரம்ப வேண்டும். நான்கு கட்டம் நிரம்பினால், அந்த விளையாட்டு கணினி உள்ளே சேமிக்கிற குறிகளை எண்ணுகிறது, எழுத்தை எண்ணவில்லை. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என்று அது நான்கு துண்டு. 'வணக்கம்' அப்படி எண்ணினால் ஏழு துண்டாகிவிடும். நான் முதலில் இறக்கிய ஒரு விளையாட்டு இப்படித்தான் எண்ணியது. அதில் ஒரு வாரம் பழகிய மாணவன் ஒருவன் வகுப்பில் 'மரம்' நான்கெழுத்து என்று எழுதினான். அன்றே அதை எல்லாப் பெற்றோரையும் அழிக்கச் சொன்னேன். கணினியில் தமிழை ஒழுங்காக வைப்பதற்காக இதே ஊரில் 1997இல் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது; நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதற்கெல்லாம் முன்னின்று உழைத்தவர். அத்தனை பேர் உழைத்த பிறகும் எழுத்தை எண்ணத் தெரியாத விளையாட்டைப் பிள்ளை கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய உத்தி. அவனுக்குத் தெரிந்த பாடத்திலேயே அது இருக்கிறது. இன எழுத்து என்று பள்ளியில் படித்திருப்பான்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தேர்வுக்காகப் படித்தது இந்த விளையாட்டில் சாவியாக மாறுகிறது. 'ங்' பச்சையானால் அடுத்தது க வரிசை. தங்கம், பங்கு, தேங்காய், எதை எடுத்தாலும் அப்படித்தான். 'ந்' வந்தால் பெரும்பாலும் த வரிசை. 'ண்', 'ம்', 'ன்' மூன்றும் கொஞ்சம் தாராளமானவை. நண்பன், அம்மா, அன்னம் என்று வேறு எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளும். ஆனாலும் முதல் ஊகம் இன எழுத்தாகவே இருக்கட்டும்.

வல்லின மெய்களில் க், ச், த், ப் நான்கும் சொல்லின் நடுவில் வந்தால் அடுத்து வருவது அதே எழுத்தின் வரிசை: பக்கம், பச்சை, முத்து, உப்பு. சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு. 'ட்', 'ற்' இரண்டும் தன் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் ஏற்கும். வெட்கம், கட்சி, நட்பு. ஏற்கனவே, முயற்சி, கற்பனை. இலக்கணத்தில் இதற்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். புதிரில் 'ற்' பச்சையாகி, அடுத்த கட்டத்துக்கு நான்கே வரிசைதான் என்று தெரியும்போது அதே பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

சொல்லின் தொடக்கமும் முடிவும் இன்னும் எளிது. பிறமொழிச் சொல்லை விட்டுவிட்டால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. ஆகவே கடைசிக் கட்டத்தில் 'க்' போட்டுப் பார்த்து ஒரு முயற்சியை வீணாக்க வேண்டாம். பெயர்ச்சொல் என்றால் 'ம்' முடிவை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள், அவ்வளவு சொற்கள் அதில் முடிகின்றன.

ஹார்ட் மோட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான்கெழுத்துப் புதிர். இரண்டாவது முயற்சியிலேயே கடைசி மூன்று கட்டம் பச்சை: 'ட்டம்'. பிள்ளை குதிப்பான், முடிந்தது என்று நினைப்பான். உண்மையில் பெரிய பொறி அங்கேதான் இருக்கிறது. ஆட்டம், ஊட்டம், ஓட்டம், கட்டம், கூட்டம், கொட்டம், சட்டம், திட்டம், தோட்டம், நட்டம், நாட்டம், நோட்டம், பட்டம், மட்டம், மூட்டம், வட்டம், வாட்டம், விட்டம். பதினெட்டு சொல், மீதி நான்கு முயற்சி. ஆங்கிலத்தில் லைட், நைட், ரைட், ஃபைட் என்று மாட்டிக்கொள்வதும் இதே கதைதான்.

சாதாரண முறையில் விளையாடினால் இதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே போடுவது. 'கவசம்' போடச் சொல்லுங்கள். அதுவும் நான்கெழுத்து. க பச்சையானால் கட்டம். வ மஞ்சளானால் வட்டம், ச மஞ்சளானால் சட்டம். க மூன்றாவது நிறம் காட்டினால் கூட்டம் அல்லது கொட்டம். வ அப்படிக் காட்டினால் வாட்டம் அல்லது விட்டம். ஒன்றுமே காட்டாவிட்டாலும் ஏழு சொல் ஒரே அடியில் கழிந்துவிட்டது. அடுத்து 'நண்பன்' போட்டால் ந, ப இரண்டுக்கும் பதில் கிடைக்கும். ஹார்ட் மோடில் இது முடியாது, 'ட்டம்' மூன்றையும் பிடித்துக்கொண்டேதான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அதனால் அங்கே 'ட்டம்' என்ற வாய்ப்பு தெரிந்தவுடனே அதற்குள் நுழையாமல், முதல் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு போவதுதான் விளையாட்டு. பத்து வயதில் இந்தப் பொறுமையைக் கற்க முடியும், ஆனால் முதல் மாதத்திலேயே வேண்டாம்.

குறிப்பைத் தட்டுவது ஏமாற்று வேலையே இல்லை. குறிப்பு அந்த விளையாட்டின் ஒரு பகுதி. எந்தக் குறிப்பு என்பதில்தான் கவனம் வேண்டும். எழுத்தைத் திறந்து காட்டுகிற குறிப்பும் பொருளைச் சொல்கிற குறிப்பும் தனித்தனியாக இருந்தால், முதலில் பொருளைத் தட்டச் சொல்லுங்கள். பொருள் தெரிந்து சொல்லைத் தேடும்போது அவன் தனக்குள் இருக்கும் தமிழைத் துழாவுகிறான். எழுத்து திறந்துவிட்டால் வெறும் கட்டம் நிரப்புகிற வேலையாகிவிடும். விளையாட்டில் பொருள் குறிப்பே இல்லையென்றால் பாட்டியைக் கேட்கட்டும். அவர் விடையைச் சொல்லாமல் "சமையலறையில பாரு", "மழை பெய்யும்போது வேணும்" என்று சொல்வார். அதைவிட நல்ல குறிப்பை எந்த நிரலாளரும் எழுதிவிட முடியாது. இரண்டு முயற்சி வரை குறிப்பு வேண்டாம், அதற்குப் பிறகும் ஒரு கட்டம்கூட நிறம் மாறவில்லை என்றால் தட்டலாம் என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் சண்டையும் குறையும்.

நேரம் ஓடுகிற கடிகாரத்தை அணைத்துவிடுங்கள். வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்குகிற பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் மனதின் அடியிலிருந்து மேலே வரக் கொஞ்சம் நேரம் ஆகும். கடிகாரம் அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறது; சொல் தெரியும், வாயில் வருவதற்குள் தோற்றுவிட்டான் என்றால் தனக்குத் தமிழ் வராது என்று அவனே முடிவு கட்டிவிடுவான். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். தொடர்ச்சியாக இத்தனை நாள் வென்றாய் என்று காட்டுகிற எண்ணிக்கையையும் மறைக்க முடிந்தால் மறையுங்கள். நாற்பது நாள் தொடர் ஒருநாள் அறுந்து, அதன் பிறகு விளையாட்டையே தொடாத பிள்ளைகள் எங்கள் மன்றத்தில் இரண்டு பேர் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு புதிர், அதிகம் போனால் மூன்று. தெக்கா சந்தைக்கோ நூலகத்துக்கோ போகிற வழியில் ரயிலில் விளையாடினால் போதுமானது.

இப்போது நேரடியாக உங்கள் கேள்விக்கு. எளிது நிலையை விட்டுவிட்டு நடுத்தரத்தில் தொடங்குங்கள். பயப்பட வேண்டாம், நான்கெழுத்துச் சொல் தமிழில் பிள்ளைகளுக்கு மிகவும் தோதான அளவு. தடயம் கிடைக்கும், சொல்லும் பெரும்பாலும் பழகியதாக இருக்கும். பத்துப் புதிரில் ஆறேழு வென்று மூன்று நான்கு தோற்றால் அதுதான் சரியான இடம். பத்தும் வென்றால் சலிப்பு வந்துவிடும், எட்டு தோற்றால் அழுகை வந்துவிடும். தோற்ற சொற்களை ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த வாரத்துக்குள் அதில் ஒன்றை வீட்டில் யாராவது பேச்சில் பயன்படுத்தினால் போதும்.

கடினத்துக்கு மாற்றுவதற்கு வெற்றி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த எழுத்தை ஏன் போட்டாய் என்று கேளுங்கள். "சும்மா" என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் நடுத்தரத்திலேயே இருக்கட்டும். "ஞ் வந்துச்சு, அதனால ச" என்றோ, "இது விடை இல்லைன்னு தெரியும், க இருக்கான்னு பார்க்கத்தான் போட்டேன்" என்றோ சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். முதல் ஐந்து கடினப் புதிர்களைப் பாட்டியோடு சேர்ந்து விளையாடட்டும்; மூன்று முயற்சி அவனுக்கு, மூன்று அவருக்கு. கிராமத்துச் சொல் வந்தால் அவர் கதை சொல்வார், அதற்கு நேரம் விட்டு வையுங்கள்.